ஓடும்போது மட்டும் நெஞ்சு வலி, எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்: பிறவி ரத்தக்குழாய்க் கோளாறா?

ஆலங்குளத்திலிருந்து ஒருவர் கேட்டது, 9 ஜூன் 2023

மகனுக்கு 16 வயசு. கபடி ஆடுவான். ஆறேழு மாசமா ரெய்டு போயிட்டு வந்தா நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துருதான். அஞ்சு நிமிசத்துல சரியாப் போவுது. மூணு இடத்துல காட்டியாச்சு. ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், எக்ஸ்ரே நார்மல். வாய்வுன்னு மாத்திரை தந்தாவ, கேக்கல. ஒருத்தர் பரீட்சைப் பயம்னு சொல்லிட்டாரு. பிறவியிலேயே ரத்தக்குழாய் இடம் மாறி இருந்தா இப்படி வலி வரும்னு எங்கேயோ படிச்சேன். நிசந்தானா? யாருக்காவது இருந்திருக்கா?

9 ஜூன் 2023, இரவு 10.40

நிசந்தான் அண்ணாச்சி. எனக்கு இருந்துச்சு. 19 வயசுல ஆரம்பிச்ச வலிக்கு 43 வயசுலதான் பேர் தெரிஞ்சுது. நாளைக்கு விரிவா எழுதுதேன். இப்போதைக்கு ஒண்ணு மட்டும். டாக்டர் பார்த்து முடிக்கிற வரைக்கும் பயலை ஆடவிடாதீங்க. ரெய்டும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம்.

ஆடும்போது எப்பவாச்சும் கண்ணு இருட்டி விழுந்திருக்கானா? விழுந்திருந்தா என் கதைக்காகக் காத்திருக்காதீங்க, காலைல முதல் பஸ்ஸுக்குக் கிளம்புங்க.

10 ஜூன் 2023

விழுந்ததில்லன்னு அண்ணாச்சி எழுதியிருக்காவ. சரி.

என் கதை. நான் பி.டி. வாத்தியார். 1995-ல காலேஜ்ல படிக்கும்போது பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல 1500 மீட்டர் ஓடுனேன். மூணாவது ரவுண்டுல நெஞ்சுக்கு நடுவுல ஒரு அமுக்கல். குத்தல் இல்ல, எரிச்சல் இல்ல. அரிசி மூட்டையைத் தூக்கி நெஞ்சுமேல வச்ச மாதிரி. ஓட்டத்தை நிறுத்துனதும் மூட்டையை யாரோ எடுத்துட்டாவ. இவ்வளவுதான் நோயே. ஓடுனா வரும், நின்னா போகும்.

ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன செய்வாவ? படுக்கப் போட்டு ஈசிஜி எடுப்பாவ. படுத்திருக்கும்போது எனக்கு வலியே கிடையாதே! நார்மல்னு வரும். கேஸ் மாத்திரை. அடுத்த வருசம் இன்னொரு ஆஸ்பத்திரி, அதே ஈசிஜி, அதே கேஸ் மாத்திரை. ஒரு தடவை குழாயை வாய்க்குள்ள விட்டு வயித்தைக்கூடப் பார்த்தாவ. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு டாக்டர் வீட்டுல எதுவும் பிரச்சினையான்னு கேட்டு, மனசுக்குன்னு ஒரு மாத்திரை எழுதுனாரு. நாலு மாசம் சாப்பிட்டேன். தூக்கம் நல்லா வந்துச்சு, வலி இருந்த இடத்துலயே இருந்துச்சு. 2012-ல டிரெட்மில் டெஸ்ட். அதுவும் நார்மல். அதுக்குப் பிறகு நானே கேக்குறதை நிறுத்திட்டேன். நமக்கு உடம்புவாகு இப்படித்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

2019 ஆகஸ்ட். பயலுவளோட சேர்ந்து 800 மீட்டர் ஓடுதேன். கடைசி வளைவுல முழங்கால் மடங்குனது ஞாபகம் இருக்கு. அடுத்த ஞாபகம், பத்தாங்கிளாஸ் பயல் ஒருத்தன் முகத்துக்கு நேரா குனிஞ்சு "சார், சார்"னு அழுதுக்கிட்டிருக்கான்.

அன்னைக்குப் பார்த்தது ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். "உட்கார்ந்திருக்கும்போது வருமா, ஓடும்போது வருமா?"ன்னு கேட்டாவ. 24 வருசத்துல இந்தக் கேள்வியை அவ்வளவு நிதானமா, பதிலுக்குக் காத்திருந்து கேட்ட முதல் ஆள் அவங்கதான். மூணு நாள் கழிச்சு சிடி ஆஞ்சியோல, அதாவது மருந்து ஏத்தி ரத்தக்குழாயைப் படம் எடுக்கிற ஸ்கேன்ல தெரிஞ்சுது: இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கிற குழாய்கள்ல ஒண்ணான வலது கரோனரி தமனி பிறவியிலேயே இடது பக்கத்துலருந்து கிளம்புது. அடைப்பு, கொழுப்பு ஒண்ணும் கிடையாது. குழாய் சுத்தம், கிளம்புற இடம்தான் தப்பு.

பையில நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எப்பவும் வச்சிருப்பேன். பயலுக்கும் டாக்டர்ட்ட கேட்டு ஒண்ணு வாங்கி வையுங்க அண்ணாச்சி.

(2 செப்டம்பர்: மேலே கடைசியா எழுதுன மாத்திரை விஷயம் தப்பு. கீழே 2 செப்டம்பர் குறிப்பைப் படிக்காம எதுவும் செய்யாதீங்க.)

11 ஜூன் 2023

"கிளம்புற இடம் தப்புன்னா என்ன, ரத்தம் போனாச் சரிதானே"ன்னு சங்கரன்கோவில் தம்பி கேட்டிருக்காரு. நானும் டாக்டர்ட்ட இதைத்தான் கேட்டேன்.

இதயத்துலருந்து மகாதமனி, அதாவது உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டு போற பெரிய குழாய், கிளம்புற அடியில மூணு பை மாதிரிப் புடைப்பு உண்டு. வலது பையிலருந்து வலது கரோனரி, இடது பையிலருந்து இடது கரோனரி. மூணாவதுலருந்து எதுவும் கிளம்பாது. உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புற இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தை இந்த ரெண்டு வாய்க்கால் வழியாத்தான் எடுத்துக்கிடுது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இப்படிச் சொல்லலாம். தாமிரபரணியில பழவூர் அணைக்கட்டுல வலது கரைப் பக்கமாப் பாளையங்கால்வாய் பிரியுது. அதுக்குக் கீழே சுத்தமல்லியில இடது கரைப் பக்கமா நெல்லைக் கால்வாய் பிரியுது. ரெண்டுக்கும் அகலமான மடைவாய். பாளையங்கால்வாய் இடது கரையில பிரிஞ்சு, ஆத்தைச் சுத்தி வலது பக்கம் வந்து சேரணும்னு வச்சுக்கிடுங்க. மடைவாயும் கீறல் மாதிரி ஒடுங்கிக் கிடக்கு. சாதாரண நாள்ல எப்படியோ தண்ணி வந்துரும், ஒருத்தனும் கவனிக்கமாட்டான். வயக்காடு முழுக்க ஒரே நேரத்துல தண்ணி கேக்கும்போதுதான் கடைமடை காயும்.

ஓடுறதுதான் அந்த நேரம். இன்னொண்ணும் உண்டு. இதயத் தசைக்கு ரத்தம் இறங்குறது பெரும்பாலும் இதயம் சுருங்குற நேரத்துல இல்ல, தளர்ற நேரத்துலதான். நாடி 70-லருந்து 170-க்குப் போனா, அந்தத் தளர்ற நேரம்தான் முதல்ல குறையும். தேவை கூடும், நேரம் குறையும், வாயும் சிறுசு. படுக்கப் போட்டு எடுத்த ஈசிஜில இது எங்க தெரியும்?

என்னோடது மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவுல புகுந்து வருது. ஓடும்போது ரெண்டு பெரிய குழாயும் புடைச்சு நடுவுல உள்ளதை நசுக்கிரும்.

12 ஜூன் 2023

நேத்துக் கடைசி வரியைத் திருத்தணும். ரெண்டு பெரிய குழாய் நடுவுல நசுங்குதுன்னு எழுதுனேன். பல இடத்துல அப்படித்தான் சொல்லுவாவ, எனக்கும் முதல்ல அப்படித்தான் படம் போட்டுக் காட்டுனாவ. ஆபரேஷன் செஞ்ச டாக்டர் வேற மாதிரி விளக்கியிருந்தாரு. ராத்திரி படுத்திருக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு.

நுரையீரல் தமனியில அழுத்தம் ரொம்பக் குறைச்சல். கரோனரியில உள்ளது மகாதமனி அழுத்தம். குறைஞ்ச அழுத்தக் குழாய் கூடுன அழுத்தக் குழாயை எப்படி நசுக்கும்? முக்கியமான கோளாறு மகாதமனிச் சுவருக்குள்ளதான். தப்பான இடத்துல கிளம்புற கரோனரி, வெளிய வர்றதுக்கு முன்னால கொஞ்ச தூரம் சுவருக்குள்ளேயே சாய்வா ஓடுது. மகாதமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரியும்போது சுவர் இழுபட்டு, உள்ள ஓடுற குழாய் தட்டையாகுது, கீறல் வாயும் மூடுது. கால்வாய் கணக்குல சொன்னா, பக்கத்து ஆறு வந்து நெருக்கல. கரைக்குள்ளேயே போற குழாய், கரை வீங்கும்போது ஒடுங்குது.

அளவும் சொல்லிருதேன், பயந்துரக் கூடாது. கரோனரி தப்பான பையிலருந்து கிளம்புறது நூத்துல ஒருத்தருக்கும் குறைவு. என்னை மாதிரி வலது கரோனரி மாறுறதுதான் அதுல அதிகம். இடது கரோனரி வலது பையிலருந்து கிளம்பி நடுவுல போறது அதைவிட அபூர்வம், ஆனா ஆபத்து அதுலதான் கூடுதல். பிள்ளைகளுக்கு வர்ற நெஞ்சு வலியில பெரும்பாலானது இதயமே கிடையாது. விலா எலும்புக் குருத்து, தசைப் பிடிப்பு, நெஞ்செரிச்சல், வீசிங், நிசமாவே மனக் கவலை, இப்படித்தான் இருக்கும். அழுத்துனா வலிக்குது, மூச்சை இழுத்தா குத்துது, உட்கார்ந்திருக்கும்போதும் வருதுன்னா அநேகமா இந்த வகைதான்.

ஓடும்போது மட்டும் வந்து, நின்னா போற வலி வேற ஜாதி.

17 ஜூன் 2023

முதல்ல எழுதாம விட்டது. எக்கோ நார்மல்னு அண்ணாச்சி எழுதியிருந்தாவ. எக்கோல வால்வு, பம்ப் பண்ற திறன், ஓட்டை எல்லாம் பார்த்து எழுதியிருப்பாவ. கரோனரி ரெண்டும் எங்கேருந்து கிளம்புதுன்னு தனியாப் பார்த்தாவளான்னு கேளுங்க. பிள்ளைகளுக்கு நெஞ்சுச் சதை மெல்லிசு, பழகுன கை பார்த்தா எக்கோலேயே அநேகமா வாய் ரெண்டும் தெரியும். பார்க்கச் சொல்லிக் கேட்டாத்தான் பார்ப்பாவ. என் ரிப்போர்ட்டையும் பழைய ஃபைல்லருந்து எடுத்துப் பார்த்தேன். 2012 எக்கோல கரோனரிங்கிற வார்த்தையே இல்ல.

"இதயத் தசைக்குள்ள குழாய் புதைஞ்சிருக்குன்னு எங்க மாமாவுக்குச் சொன்னாவ, அதுவும் இந்த வகையா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காவ. மயோகார்டியல் பிரிட்ஜ்னு எழுதியிருக்கும். அது சும்மா. பிரேதப் பரிசோதனையில மூணுல ஒருத்தர் வரைக்கும் இருக்குதுன்னு கண்டிருக்காவ. அதுக்குக் கவலைப்பட வேண்டாம்.

பயலுவளுக்கு நான் சொல்ற ஒரு ஆளைப் பத்தியும் எழுதுதேன். பீட் மாராவிச், அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர். அந்த நாட்டோட பெரிய லீக்ல 10 வருசம் ஆடி, 1980-ல ஓய்வு. 1988 ஜனவரி 5-ம் தேதி நண்பர்களோட சும்மா ஆடிக்கிட்டிருக்கும்போது சரிஞ்சு விழுந்து இறந்துட்டாரு. வயசு 40. அறுத்துப் பார்த்தா இடது கரோனரியே பிறவியில கிடையாது. ஒரே குழாயை வச்சிக்கிட்டு அவ்வளவு ஆடியிருக்காரு. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் உடம்புக்குள்ள இருந்ததே சாவுக்குப் பிறகுதான் தெரிஞ்சுதுன்னா, நம்ம கிரவுண்டுல புழுதியில ஓடுற பயலோட நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு நான் எப்படி நிச்சயமாச் சொல்லுவேன்?

5 ஜூலை 2023

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்குத் திருநெல்வேலி டவுனுக்குப் போயிட்டு ரெண்டு நாள் அங்கேயே தங்கிட்டேன். முன்னால நானும் வடம் பிடிப்பேன். இப்போ ரத வீதியில ஓரமா நின்னு பார்க்கிறதோட சரி.

முக்கூடல் அக்கா கேட்டதுக்குப் பதில். அவங்க ஆச்சிக்கு வாலிபத்துலருந்தே சோறு விக்குமாம். கஞ்சி இறங்கும், இட்லி நெஞ்சுல நிக்கும். பீடி சுத்த உட்கார்ந்தா குனிஞ்ச வாக்குல நெஞ்சு அடைக்குதும்பாளாம். குழாய் விட்டுப் பார்த்ததுல புண்ணு இல்ல, கட்டி இல்ல. இதுவும் ரத்தக்குழாயா இருக்குமான்னு கேக்காவ.

அப்படியும் ஒண்ணு உண்டு. வலது கைக்குப் போற பெரிய தமனி, மகாதமனி வளைவுல முதல் கிளையாப் பிரியாம கடைசிக் கிளையாப் பிரியும். இடது பக்கம் பிரிஞ்சுட்டு வலது கைக்குப் போகணும்னா குறுக்கே வரணும். அநேகம் பேருக்கு உணவுக்குழாய்க்குப் பின்னால போகும். மூச்சுக்குழாய்க்கும் இந்தத் தமனிக்கும் நடுவுல உணவுக்குழாய் மாட்டிக்கிடும். லண்டன்ல டேவிட் பேஃபோர்டுன்னு ஒரு சர்ஜன், வருசக் கணக்கா விழுங்க முடியாமத் தவிச்சு 62 வயசுல இறந்த ஒரு அம்மாவோட உடம்பை அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சு எழுதுனாரு. அச்சானது 1794-ல. லத்தீன்ல இயற்கையோட விளையாட்டுங்கிற அர்த்தத்துல லூசோரியான்னு பேர் வச்சாரு. இன்னைக்கும் அதே பேருதான்.

இந்த அமைப்பு உள்ளவங்கள்ல அநேகம் பேருக்கு ஆயுசு முழுக்க ஒண்ணும் செய்யாது. ஒரு சிலருக்கு வயசாகிக் குழாய் விறைக்கும்போது விழுங்கச் சிரமம், நெஞ்சடைப்பு, இருமல் வரும். பேரியம் குடிக்க வச்சு எடுக்கிற எக்ஸ்ரேல உணவுக்குழாய்ல சாய்வா ஒரு தழும்பு மாதிரித் தெரியும். சிடில முழுசாத் தெரிஞ்சுரும். ஆச்சிக்கு அதுதான்னு நான் சொல்லல. இத்தனை வருசம் "குனிஞ்சு வேலை செஞ்சா அப்படித்தான்"னு சொல்லி அனுப்பியிருக்காவளே, அதுதான் வயித்தெரிச்சல். பீடித் தட்டோட உட்கார்ந்திருக்கிற பொம்பளை நெஞ்சு வலின்னு சொன்னா பாதி பேரு காதுலயே வாங்குறதில்ல.

6 ஜூலை 2023

ஆச்சிக்கு 81 வயசாம். அந்த வயசுல விழுங்குறது திடீர்னு மோசமானா முதல்ல வேற காரணத்தைத்தான் தேடணும். லூசோரியாவைக் கடைசில வைங்க.

23 ஜூலை 2023

அண்ணாச்சி போன்ல சத்தம் போட்டாவ. "நீரு சொன்னீருன்னு சிடி எடுக்கணும்னு டாக்டர்ட்ட ஒத்தக்கால்ல நின்னேன், அவரு கோவிச்சுக்கிட்டாரு"ன்னு. நான் பொதுவுல அப்படி எழுதல, தனியா எழுதுன பதில்ல எழுதியிருந்தேன். தப்பு என் மேலதான். சிடின்னா கதிர்வீச்சு. 16 வயசுப் பிள்ளைக்கு யோசிச்சுத்தான் எழுதுவாவ. முதல்ல கரோனரி வாயைப் பார்க்கிற மாதிரி எக்கோவைத் திரும்பப் பார்ப்பாவ, டிரெட்மில்ல ஓட விடுவாவ, அதுக்குப் பிறகுதான் சிடி. அந்த டாக்டர் செஞ்ச வரிசைதான் சரி. ஈசிஜி பார்த்துக்கிட்டே, பக்கத்துல டாக்டர் நிக்கும்போது ஓட வைக்கிறது வேற, கிரவுண்டுல ஓட வைக்கிறது வேற.

இப்போ எக்கோல இடது வாய் தெளிவாத் தெரியுது, வலது வாய் சந்தேகம். டிரெட்மில்ல ஒன்பதாவது நிமிசம் வலி வந்திருக்கு, ஈசிஜில மாத்தமும் வந்திருக்கு. அதனால டாக்டரே சிடி எழுதிட்டாரு. அடுத்த மாசம்.

சிடி எப்படி இருக்கும்னு பயல் கேட்டானாம். தம்பி, இது உனக்கு. கிரியேட்டினின்னு ஒரு ரத்த டெஸ்ட் முதல்ல எடுப்பாவ, கிட்னி தாங்குமான்னு பார்க்க. அன்னைக்குக் காபி, டீ குடிக்காத, நாடி ஏறிரும். நாடி 60 பக்கம் இறங்க மாத்திரை தருவாவ. எனக்கு 58-க்கு வந்துச்சு, கொஞ்சம் மந்தமா இருக்கும், அவ்வளவுதான். கையில ஊசி வழியா மருந்து ஏறும்போது தொண்டையிலருந்து அடிவயிறு வரைக்கும் சுடு தண்ணி ஊத்துன மாதிரி ஒரு சூடு பரவும். மூத்திரம் போயிட்டோமோன்னு தோணும். போகல, பயப்படாத, எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். மூச்சைப் பிடிக்கச் சொல்லும், பிடி. கபடில பிடிக்கிற மூச்சுல கால்வாசி போதும்.

26 ஜூலை 2023

குறுவட்டப் போட்டி நெருங்குது. நம்ம மாவட்டத்து பி.டி. வாத்தியாருங்க யாராச்சும் இதைப் படிச்சா, இந்த ஒண்ணை மட்டும் வாசிச்சிட்டுப் போங்க.

பிள்ளை ஓடும்போது சுருண்டு விழுந்து, தட்டுனா பேசல, மூச்சு ஒழுங்கா இல்லன்னா முகத்துல தண்ணி தெளிச்சிக்கிட்டு நிக்காதீங்க. கையில சாவிக்கொத்தைத் திணிக்காதீங்க. ஒருத்தரை 108-க்குப் போன் பண்ணச் சொல்லிட்டு, நீங்க நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அமுக்க ஆரம்பிங்க. நிமிசத்துக்கு 100-லருந்து 120 தடவை, பெரிய பிள்ளைக்கு 5 சென்டிமீட்டர் ஆழம். விலா ஒடிஞ்சிருமேன்னு யோசிக்காதீங்க. கை ஓஞ்சா அடுத்த வாத்தியாரு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. நான் விழுந்த அன்னைக்கு எனக்குத் தானா முழிப்பு வந்துருச்சு. வராம இருந்திருந்தா அந்தக் கிரவுண்டுல இதைத் தெரிஞ்ச ஒருத்தரும் கிடையாது. நானே அன்னைக்கு இதைக் கத்துக்கிட்டிருக்கல.

14 ஆகஸ்ட் 2023

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசமா யோசனை.

2011-ல எட்டாங்கிளாஸ் பிள்ளை ஒருத்தி, நல்ல ஓட்டக்காரி. 600 மீட்டர்ல நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு நின்னுட்டா. "சாக்குச் சொல்லாத ஏட்டி, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு"ன்னேன். ஓடுனா. அழுதுக்கிட்டே ஓடுனா. மறுநாள்லருந்து கிரவுண்டுக்கு வரல. எனக்கே அந்த வலி 16 வருசமா இருக்கு, நான் தாங்கிக்கிட்டு ஓடலியாங்கிற எண்ணம். என் வலியை யாரும் நம்பலேங்கிற கோவம் எனக்குள்ள இருக்கும்போதே, ஒரு பிள்ளை சொன்ன வலியை நான் நம்பல.

2019-ல எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல கிடக்கும்போது அந்த முகம்தான் வந்துக்கிட்டே இருந்துச்சு. நடக்க ஆரம்பிச்சதும் அவங்க ஊருக்குப் போனேன். அவளுக்குக் கல்யாணம் ஆகி, மடியில கைக்குழந்தை. மன்னிப்புக் கேட்டேன், நெஞ்சை ஒரு தடவை காட்டிரும்மான்னேன். அவ சிரிச்சா. "சார், அது விலாவுல இங்கன அமுக்குனா வலிக்கும், இப்பவும் புள்ளையைத் தூக்குனா வலிக்கும். ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாவ." மனசு லேசாச்சு. கிளம்பும்போது சொன்னா: "அன்னைக்கு வந்த வலி அன்னைக்கே போயிருச்சு சார். எல்லாருக்கும் முன்னால நான் பொய் சொல்லுதேன்னு சொன்னீங்கல்லா, அதுக்குத்தான் வரல."

2 செப்டம்பர் 2023

சிடி ரிப்போர்ட் வந்துருச்சு. ரெண்டு திருத்தம் எழுதணும், ரெண்டும் பெருசு.

பயலுக்கு ரெண்டு கரோனரியும் சரியான இடத்துலதான் கிளம்புது. என் வகை இல்ல. எக்கோல வலது வாய் மறைஞ்சது வெறும் மறைப்புதான். ஆனா இதயத்தோட முன்பக்கம் இறங்குற பெரிய கிளை, நடுவுல நல்ல நீளத்துக்குத் தசைக்குள்ள ஆழமாப் புதைஞ்சு போகுது. மயோகார்டியல் பிரிட்ஜ். ஜூன் 17-ம் தேதி நான் "அது சும்மா"ன்னு எழுதுனேனே, அதுவேதான்.

அது அநேகம் பேருக்குச் சும்மாதான், அதுல மாத்தமில்ல. ஆனா புதைஞ்ச ஆழம் கூடுதலா, நீளம் கூடுதலா இருந்து, நாடியும் வேகமா ஏறுனா, ஒவ்வொரு துடிப்புக்கும் தசை குழாயை நெரிக்கும். தசை தளர்ந்த பிறகும் குழாய் உடனே முழுசா விரியாது. ஏற்கெனவே தளர்ற நேரம் குறைஞ்சிருக்குல்லா, அதுலயும் பாதி போயிரும். பயலுக்கு டிரெட்மில்ல வந்த மாத்தமும் இந்தக் கிளை ரத்தம் கொடுக்கிற பக்கமும் ஒத்துப்போகுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. "இருக்குதுன்னு தெரியுது, இதுதான் வலிக்குக் காரணம்னு சிகிச்சைக்கு எப்படிக் கேக்குதுன்னு பார்த்து முடிவு பண்ணுவோம்"னாராம். அந்த வார்த்தை எனக்குப் பிடிச்சிருக்கு. மாமாவுக்கு பிரிட்ஜ்னு கேட்டவங்க, உங்க மாமாவுக்கு ஓடும்போதோ படி ஏறும்போதோ வலி வந்தா திரும்பக் காட்டுங்க. நான் சொன்னதை எடுத்துக்கிடாதீங்க.

அடுத்தது, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை. எனக்குத் தந்ததை வச்சுப் பயலுக்கும் வாங்கி வையுங்கன்னு எழுதுனேன். பிரிட்ஜ் உள்ளவங்களுக்கு அந்த நைட்ரேட் மாத்திரை நெரிக்கிறதைக் கூட்டி வலியை மோசமாக்கலாம். அடைப்பு உள்ளவங்களுக்கு உதவுற மாத்திரை இங்கே எதிரா வேலை செய்யும். நல்லவேளை, அண்ணாச்சி டாக்டர்ட்டக் கேட்டிருக்காவ, அவரு வேண்டாம்னுட்டாரு. என் மாத்திரை என் நெஞ்சுக்கு எழுதுனது. அதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல நான் யாரு? அந்த வரியை அழிக்காம விட்டிருக்கேன், பக்கத்துலேயே குறிப்பும் போட்டுட்டேன்.

பயலுக்கு இப்போ நாடியைக் குறைக்கிற மாத்திரை, பீட்டா பிளாக்கர். தளர்ற நேரத்தைக் கூட்டுறதுதான் அதோட வேலை. ஸ்டென்ட், ஆபரேஷன் பேச்சே இப்போ இல்ல.

9 அக்டோபர் 2023

நாலு பேரு ஆபரேஷன் பத்திக் கேட்டிருக்கீங்க. எனக்கு நடந்ததை மட்டும் எழுதுதேன்.

வலியும் இருந்து மயக்கமும் வந்ததால செய்யணும்னாவ. அறிகுறியே இல்லாம, தற்செயலாத் தெரிய வந்த வலது கரோனரிக்காரங்களை அநேகமாச் சும்மா கவனிச்சிக்கிட்டே இருப்பாவ. எல்லாருக்கும் கத்தி கிடையாது. மார் எலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, மெஷின்ல ரத்தத்தை ஓடவிட்டு, சுவருக்குள்ள போற குழாயோட உள்பக்கக் கூரையைக் கீறித் திறந்து விட்டாவ. கீறல் மாதிரி இருந்த வாய், இருக்கவேண்டிய இடத்துல அகலமா வாய்க்கும். புதுக் குழாய் எதுவும் வச்சுத் தைக்கல. எனக்கு வியப்பே அதுதான், கரையை வெட்டி மடைவாயை அகலப்படுத்துன மாதிரி.

பிறகு ரெண்டு மாசம் பைக் கிடையாது, குடம் தூக்கக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்கக் கூடாது. இருமல் வந்தா தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இரும்பணும். முதல் வாரம் தும்மல் வந்தப்போ உயிரே போயி வந்துச்சு. மூணு மாசம் கழிச்சு டிரெட்மில்ல ஏத்துனாவ. 24 வருசம் கழிச்சு முதல் தடவையா மூட்டை இல்லாம ஓடுனேன். மெஷினை நிறுத்துன பிறகும் இறங்காம நின்னேன். அந்த டெக்னீஷியன் என்ன சார்னு கேட்டாரு, பதில் சொல்ல வாய் வரல.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும். கார்டு இல்லாதவங்க நோய் வர்றதுக்கு முன்னாலேயே வி.ஏ.ஓ.ட்ட வருமானச் சான்று வாங்கிக் கார்டு போட்டு வையுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு அலைய முடியாது.

மகளுக்கும் எக்கோல கரோனரி வாயைப் பார்த்துட்டோம். சரியா இருக்கு. பெரும்பாலும் இது பரம்பரையா வர்றதில்ல, ஆனா மனசு கேக்கல.

20 டிசம்பர் 2023

மூணு நாளா கரண்ட் இல்ல, டவர் இல்ல. கொக்கிரகுளம், ஜங்ஷன் பக்கமெல்லாம் ஆத்துத் தண்ணி. எங்க தெருவுல முழங்காலுக்கு மேல. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம்.

அண்ணாச்சி, பயலோட மாத்திரை கையிருப்பு இருக்கா? பீட்டா பிளாக்கரைத் திடீர்னு நிறுத்தக் கூடாது, நாடி எகிறும். கடை மூடியிருந்தா எனக்குச் சொல்லுங்க, பாளையங்கோட்டையில நான் தேடி வாங்கித் தாரேன். அவன் வெள்ளத்துல மண்ணு மூட்டை தூக்கப் போயிராம பார்த்துக்கிடுங்க. ஊரே தூக்கும்போது 16 வயசுப் பயல் கையைக் கட்டிக்கிட்டு நிக்கமாட்டான்.

21 டிசம்பர் 2023

பத்து நாளைக்கு மாத்திரை இருக்குன்னு பதில் வந்துருச்சு. மூட்டை தூக்கத்தான் போயிருக்கான். அவங்க அம்மா பிடிச்சு இழுத்துட்டு வந்து, பால் பாக்கெட் எண்ணிக் கொடுக்கிற வேலையில உட்கார வச்சிருக்காவ.

28 ஜனவரி 2024

இந்த வாரம் பயலைத் திரும்ப டிரெட்மில்ல ஏத்திப் பார்த்திருக்காவ. 12 நிமிசம் வலி இல்ல, ஈசிஜில மாத்தம் இல்ல. மாத்திரை தொடரணும். இந்த வருசம் போட்டிக் கபடி கிடையாது, நடக்கலாம், மெதுவா ஓடலாம், ஆறு மாசத்துல திரும்பப் பார்த்துச் சொல்லுதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பயல் ரெண்டு நாள் சாப்பிடலியாம். பிறகு அவனே, விசில் ஊதி நடுவரா நிக்கலாமான்னு கேட்டிருக்கான். நிக்கலாம்னுட்டாரு.

அண்ணாச்சி, என்கிட்ட பித்தளை விசில் ஒண்ணு இருக்கு, ரெண்டு கிரவுண்டு தாண்டிக் கேக்கும். ஆலங்குளம் பஸ்ஸுல தெரிஞ்ச கண்டக்டர் ஒருத்தர் இருக்காரு. செவ்வாக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கிடச் சொல்லுங்க.